ஆறே வாரத்தில் மிஸ்ஸி

மனிதகுலத்தின் துயர் துடைக்கத் தோன்றிய கல்விக்கூடங்களில், ஜெலுத்தோங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் இயங்கிய ‘ஆரோக்கிய ஜோதி பயிலக’த்துக்கு நிகரான ஒன்று இன்னும் பிறக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாட்டில் தாதிகளுக்கு, அதாவது ஊர்வழக்கில் மிஸ்ஸிகளுக்கு, பஞ்சம் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் பயிலகத்தின் முதல்வர் தியாகராஜா. கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே மருத்துவம் பற்றி அவருக்கு எந்தத் தப்பெண்ணமும் கிடையாது.

“காய்ச்சல் வர ஒரு நிமிஷம் போதும். அதைப் பார்க்கப் படிக்க மூண்டு வருஷமோ?” என்று திறப்புவிழாவில் கேட்டார். சபையில் யாரும் மறுக்கவில்லை. டாக்டர்களை அவர் அழைத்திருக்கவில்லை.

ருக்குமணி அங்கே சேர்ந்ததற்குக் காரணம் தத்துவம் அல்ல. பாயான் லெப்பாஸில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டது. போகும்போது அவளைக் கூப்பிடவில்லை. எடுத்த காரியத்தைச் சரியாகச் செய்யவேண்டும் என்ற பழக்கம் அவளுக்கு உண்டு. பயிலகத்தில் அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

முதல் வாரம் புன்னகை. அடுத்து, ‘குட் மார்னிங்’ சொல்லும் முறை. பிறகு தொப்பி அணிதல். கடைசியில்தான் ஊசி. அதற்கு நோயாளியாகச் சந்தையிலிருந்து ஒரு பப்பாளி வந்தது. பொறுமையான நோயாளி, வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வகுப்பு முடிந்ததும் நோயாளியை நறுக்கி எல்லோரும் தின்றார்கள்.

“நெஜ ஆளுக்கு எப்ப சார் போட்டுப் பழகுறது?” என்று ருக்குமணி கேட்டாள்.

“அதுக்குத்தானே வேலை, பிள்ளை? அங்கை போய்ப் பழகலாம்.”

அடுத்து நடந்த ‘விரிவாக்கக் கூட்ட’த்தில், ஆறு வாரத்தை மூன்றாகக் குறைத்தால் தாதிகள் இரட்டிப்பாவார்கள் என்று முதல்வர் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே நாளாக்கினால் பஞ்சமே இராதே என்றார் ஓர் உறுப்பினர். அது ‘ஆழ்ந்த பரிசீலனை’க்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

ருக்குமணி முதல் வகுப்பில் தேறி, ஆயர் ஈத்தாமில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். அங்கே முறையாக மூன்று வருடம் படித்த மிஸ்ஸி காமாரியா ஒருத்திதான். சந்தேகம் வந்தால் ருக்குமணி அவளிடம் ஓடுவாள். காமாரியா பக்கத்தில் நின்றால்தான் ஊசியே எடுப்பாள்.

காமாரியா விடுப்பில் போன ஒரு நாள் காலை, புதிய நோயாளியின் படுக்கைக்கு வேறு ஆளில்லாமல் ருக்குமணியே இன்சுலின் ஊசியோடு போனாள். படுத்திருந்தவர் தியாகராஜா. சர்க்கரையால் காலில் புண். இரண்டு பேர் தாங்காமல் கழிவறைக்குக்கூடப் போகமுடியாது என்று முந்திய நாள் முனகியபடி வந்து சேர்ந்தவர். தெரிந்த முகத்தைப் பார்த்ததில் அவளுக்குப் பாதி பயம் போயிற்று. கற்றபடி புன்னகைத்து, கற்றபடி ‘குட் மார்னிங்’ சொன்னாள்.

முதல்வரின் பார்வை ஊசிமுனையில் நின்றது.

“நீர் எத்தினை வருஷம் படிச்சனீர், பிள்ளை?”

அவளுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. “உங்ககிட்டதான் சார் படிச்சேன். ஆறு வாரம்.”

முதல்வர் போர்வையை விலக்கினார். எழுந்தார். யாரும் தாங்கவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் வராந்தாவைக் கடந்து, வாசலில் நின்ற டாக்சியில் ஏறி, பெரியாஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். படுக்கையில் கிடந்தவரைப் பார்த்த மாத்திரத்தில் நடக்கவைக்கும் மாணவிகளை, உலகில் வேறெந்தக் கல்லூரி உருவாக்கியிருக்கிறது?

ருக்குமணி ஊசியைத் தட்டில் வைத்தாள். அடுத்த கட்டிலில் யோகம்மா, முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாத கிழவி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இன்சுலின்தான். காமாரியா அக்கா வரட்டுமே என்று ருக்குமணி தயங்க, கிழவி தானே சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு கையை நீட்டினாள்.

“அவர் போவார், பிள்ளை. அவருக்கு நடக்க ஏலும். எனக்குப் போடு.”