சாம்பல் நிறப் புடவையின் ஒரே ரசிகர்

'காலை ஐந்தரை: எளிமையாக வாழக் கற்றல். ஆறு மணி: இணையதளத் தரவு ஆய்வு.' ஆடி முதல் வெள்ளியன்று என் நாட்குறிப்பில் உள்ள பதிவு இது. தானாகவே கற்றுக்கொள்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு: தவறைச் சுட்டிக்காட்ட ஆள் கிடையாது. (எனக்கு மனைவி இருந்தாள். அவளைக் கேட்கத்தான் தோன்றவில்லை.)

மல்லிகா வீட்டிலிருந்தே ஆரணிப் பட்டு விற்பவள். அந்த வருடம்தான் இணையதளம் தொடங்கியிருந்தாள். ஆவணி முகூர்த்தங்களுக்காகத் தறியில் ஒரே ஒரு பாவு, அதாவது ஒரே நிறத்தில் பல புடவைகள் நெய்ய நீளவாக்கில் ஏற்றும் நூல், போடத்தான் கையில் பணம் இருந்தது. எந்த நிறம் என்று தரவைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

எளிமைப் பாடமோ, ஆடம்பரமில்லாத ஒரு பொருளைத் தினமும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னது. பட்டு குவிந்த வீட்டில் அப்படியொரு பொருளுக்கு எங்கே போவேன்? கடைசியில் அவள் இணையதளத்திலேயே கிடைத்தது: யாரோ சொல்லி நெய்து, வாங்காமல் விட்டுப்போன சாம்பல் நிறப் புடவை. ஜரிகை இல்லை, கரை இல்லை. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எளிமையில் ஆழ்ந்தேன். (வெளியூர் போனால் போனில்.)

பிறகு ஆய்வு. ஒரே வாரத்தில் உடம்பு சிலிர்த்தது. மற்றப் புடவைகளை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற உலகம், சாம்பல் புடவையை மட்டும் அரை மணி நேரம் கண் இமைக்காமல் பார்க்கிறது!

"மல்லிகா, ஜனங்க எளிமைக்கு மாறிட்டாங்க. பாவு சாம்பல்லயே போடு."

"ஏங்க, ஏத்தினா பாவு முழுக்க அதே கலர்தான் வரும். கல்யாணத்துக்கு எவ கட்டுவா இத்த?"

"தரவு பொய் சொல்லாது." (கண்ணாடியைக் கழற்றி வேறு துடைத்தேன்.)

புடவைகள் வந்தன. ஆவணி வந்தது, போனது. ஒன்றுகூட நகரவில்லை. மல்லிகா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சாம்பல் பொடவைய அர மணி நேரம் பாக்கற உங்க ஆளு இன்னும் பாத்துகினுதான் கீறாரா?"

"ஒருநாள் வுடறதில்ல. ஆரணிக்காரர்தான். காலைல அஞ்சரைக்கு டாண்ணு வருவார்."

"நாம கண்ணமங்கலம் கல்யாணத்துக்குப் போயிருந்தமே, அன்னிக்கு?"

தேடிப் பார்த்தேன். "என்ன ஆச்சரியம் பாரு! அன்னிக்கு அவரும் கண்ணமங்கலத்துலதான் இருந்திருக்கார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மல்லிகா மெதுவாகக் கணினியை மூடினாள். "அப்போ எல்லாத்தையும் அவரையே வாங்கிக்கச் சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன். ஸ்கூட்டரை விற்று அவளுடைய அடுத்த பாவுக்குப் பணம் கொடுத்தேன். (எளிய வாழ்க்கை உண்மையில் அன்றுதான் தொடங்கியது, சைக்கிளில்.) அந்தத் தீபாவளிக்கு என் அக்கா, தங்கை, அத்தை எல்லோருக்கும் சாம்பல் புடவை. குடும்பப் படத்தில் மழை வரும்போல் இருக்கிறது. இன்றும் நான் வீட்டுக்குள் நுழைந்தால் மல்லிகாவின் தம்பி குரல் கொடுப்பான்: "அக்கா, கஸ்டமர் வந்துட்டாரு, எடுத்துக் காட்டு!"

ஒன்று மட்டும் பாக்கி. பழைய தரவில் தேசூரிலிருந்து ஒரு வருகை இருக்கிறது. அன்று நான் ஆரணியை விட்டு நகரவில்லை, நாட்குறிப்பு சாட்சி. அந்தப் புடவையை விரும்பிப் பார்த்த ஒரு ஜீவன் உலகத்தில் இருந்தது என்பது என் கட்சி. தேசூரில் வாழ்க்கைப்பட்ட மச்சினியோ, "சிரிக்கலாம்னு நான்தான் தெறந்தேன் மாமா" என்கிறாள். எந்தத் தேதியில் என்று கேட்டால் அவளுக்கு நினைவில்லை. ஆகவே இத்தகவல் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.