பாங்காக் போன மொட்டை

வெளிநாடு போவது என்று முடிவெடுத்த அன்றைக்கே மூர்த்தி தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு அதற்கப்புறம்தான் எழுதிப்போட்டார்.

ஃப்ளெக்ஸ் என்றால் சாதாரண ஃப்ளெக்ஸ் இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் இன்னொரு ஆள் உயரம். கூலிங் கிளாஸ், முறுக்கு மீசை, மை அடித்த தலைமுடியோடு மூர்த்தி சிரித்துக்கொண்டு நிற்பார். அவருடைய இடது காதிலிருந்து ஒரு விமானம் புறப்படும். கீழே, 'சித்திரைத் திருநாளில் தாய்லாந்து செல்லும் எங்கள் அண்ணன் மூர்த்தி அவர்களின் வெற்றிப் பயணம் சிறக்க வாழ்த்தும் நண்பர்கள்' என்று போட்டிருந்தது. வாசகம் எழுதியது மூர்த்தி. காசு கொடுத்தது மூர்த்தி. நண்பர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பெருமைப்பட அவருக்குக் காரணம் இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட குடும்பம் அது. அவர்கள் நிலத்து மல்லாட்டை வேண்டுமானால் கப்பல் ஏறியிருக்கலாம், மனுஷர் யாரும் ஏறியதில்லை. மூர்த்திதான் திருவண்ணாமலைக்கு வந்து, ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு ரூம் கட்டி, கெஸ்ட் ஹவுஸ் என்று போர்டு மாட்டினார். ரஷ்யாக்காரர், இத்தாலிக்காரர், ஜப்பான்காரர் எல்லாரும் வந்து தங்கி, அவர் மனைவி தனம் ஊற்றும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"இத்தினி வருஷமா உலகமே நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போவுது. மரியாதைக்காவது நாம ஒரு தபா அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வரணுமா இல்லியா?" என்றார் தனத்திடம்.

"போகணும்தான். யார் யார் போறோம்?"

"நானும் ராமதாசும்."

ராமதாஸ் எதிர்வீட்டுக்காரர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆணி வாங்க வந்தவரிடம்கூட அரசியல் பேசாமல் விடமாட்டார்.

"அப்ப நானு?"

"நீயும் வந்துட்டா ரூமை யாரு பாத்துக்கறது? கெஸ்டுக்கு இட்லி யாரு ஊத்தறது?"

"நீங்க இருக்கும்போது யாரு பாத்துக்கறாங்க?"

"நீதான்."

"இட்லி?"

"அதுவும் நீதான். அதனாலதான் சொல்றேன், நான் போனா ஒண்ணும் கொறையாது. மொதல்ல நான் போய் எல்லாத்தையும் பாத்து வச்சிட்டு வந்துடறேன். அடுத்த தபா உன்னைக் கூட்டிட்டுப் போறேன். சித்திரை ஒண்ணு திங்கக்கெழமை வருது. சனி, ஞாயிறு சேத்து மூணு நாள் லீவு. அவங்க ஊர்லயும் அன்னிக்குத்தான் வருஷப் பொறப்பாம்."

"அன்னிக்கு அந்த ஊர்ல தண்ணி ஊத்துவாங்களாமே?"

"அது யாரு சொன்னது?"

"நோயம்மாதான்."

நோய் என்பது வியாதி இல்லை. ஓய்வு பெற்ற ஒரு தாய்லாந்து டீச்சரின் பெயர். வருஷா வருஷம் கார்த்திகைக்கு வந்து மாடி ரூமில் தங்கி, மாசி முடிந்து வெயில் ஏறியதும் ஊர் திரும்புவார். 'நோய் வந்திருக்கு' என்று வாய்விட்டுச் சொல்ல மூர்த்திக்கு மனசு வரவில்லை. அதனால் மாடியம்மா என்பார். தனத்துக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து ரசம் வைத்துக்கொண்டே பேசுவார்கள். எந்த பாஷையில் என்று யாருக்கும் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டும் மாடிவரை கேட்கும்.

"நம்ம ஊர்ல மஞ்சத்தண்ணி ஊத்தறதுக்கே முறை இருக்குது. மாமன், மச்சான் மேலதான் ஊத்தணும்" என்றாள் தனம். "அங்க முறையே கெடையாதாம். வர்றவன் போறவன் மேல எல்லாம் பொண்ணுங்க ஊத்துவாங்களாம். கன்னத்துல மாவு வேற பூசுவாங்களாம்."

"அது அவங்க பக்தி, தனம். நாம கொறை சொல்லக் கூடாது."

"நான் ஏன் கொறை சொல்றேன்? போய்ட்டு வாங்க."

சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். மூர்த்தி பயப்படவில்லை. கிளிப் பச்சையில் பூப்போட்ட சட்டை வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் சீக்கிரம் வரவில்லை. ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்தது. விமானத்தின் மேல் யாரோ மருத்துவமனை விளம்பரம் ஒட்டினார்கள். "இன்னா மூர்த்தி, இன்னும் கெளம்பலியா?" என்று கேட்காத ஆளில்லை. பாஸ்போர்ட் மட்டும் வராமல் போனால் இந்தத் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து சேர்ந்தது. மூர்த்தி அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். தனம் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள்.

"இனிமே அண்ணாமலையாருக்கு வேண்டிக்கிட்டதை முடிச்சிடணும்" என்றாள்.

"தாராளமா முடிச்சிடலாம். இன்னா வேண்டுதல்?"

"மொட்டை."

"யாருக்கு?"

"பாஸ்போர்ட் யாருக்கு வந்திருக்குது?"

மூர்த்தியின் கை தானாகத் தலைக்குப் போனது.

"திரும்பி வந்து போட்டுக்கறேனே."

"கடல் தாண்டறதுக்கு முந்தின்னு வேண்டிக்கிட்டேன்."

"மீசை?"

"மீசையும் சேத்துத்தான். அப்புறம், போய்ட்டு வந்து கிரிவலம் சுத்தி முடிக்கற வரைக்கும் காவி வேட்டிதான் கட்டணும். கவுச்சி கூடாது."

"தண்ணி?"

"பச்சத்தண்ணி குடிக்கலாம்."

வேறு ஊராயிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை நிற்கிறது. குளியலறை ஜன்னலில் பாதி மலை தெரியும். சொந்தக்காரரை ஏமாற்றலாம், ராமதாசை ஏமாற்றலாம். பல் தேய்க்கும்போது எதிரில் நிற்பவரை எப்படி ஏமாற்றுவது? மறுநாள் காலை மொட்டை விழுந்தது, மீசையும் போனது. கண்ணாடியில் பார்த்தபோது, கெஸ்ட் ஹவுஸில் யாரோ புதிதாக ரூம் கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் அவருக்கே தோன்றியது.

ஆனாலும் மனுஷன் அசரவில்லை. மொட்டைதான் வேண்டுதல், காவியெல்லாம் சில்லறை சங்கதி, கடலுக்கு அந்தப் பக்கம் மலை தெரியாது என்று கணக்குப் போட்டார். பெட்டியில் தனம் மடித்து வைத்த காவி வேட்டிகளுக்கு அடியில் பூப்போட்ட சட்டைகளையும் ரெண்டு ஜீன்ஸையும் ரகசியமாகச் செருகினார். கைப்பையில் இன்னொரு செட்டை ஒளித்துக்கொண்டார். தெருவே கூடி, மாலை போட்டு, காவி வேட்டியோடு வேன் ஏற்றியது. சென்னை விமான நிலையத்துக் கழிப்பறையில் காவி போய் ஜீன்ஸ் வந்தது.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் அதிகாரி போட்டோவைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"திருப்பதியா?"

"திருவண்ணாமலைங்க."

"யாரு வேண்டிக்கிட்டது?"

"வீட்லங்க."

அதிகாரியும் கல்யாணமானவர் போலிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பாங்காக்கில் மறுநாள் காலை, கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு ஓட்டலை விட்டு வெளியே வந்தார் மூர்த்தி. வாசலிலேயே ஒரு பக்கெட் தண்ணீர் முகத்தில் விழுந்தது. முதுகில் ஒன்று. ஐஸ் போட்ட தண்ணீர் வேறு. ஊற்றியது மூணு பொடியன்கள். பொண்ணுங்க ஊற்றும் இடம் அடுத்த தெருவில் இருக்கிறது என்று ராமதாஸ் விசாரித்து வைத்திருந்தார். உடுப்பை மாற்றிக்கொண்டு போகலாம் என்று மூர்த்தி அறைக்கு ஓடினார். பெட்டியைத் திறந்தார்.

காவி வேட்டி இருந்தது. அதற்குக் கீழே காவித் துண்டு. அதற்குக் கீழே இன்னொரு காவி வேட்டி. விபூதிப் பொட்டலம் ஒன்று, இட்லிப் பொடி ஒன்று. கிளிப் பச்சையையும் காணோம், ஜீன்ஸையும் காணோம்.

"ராமதாசு, உன் பேன்ட் ஒண்ணு குடுப்பா."

ராமதாஸ் கழி மாதிரி இருப்பார். மூர்த்தி உரல் மாதிரி. அந்தப் பேன்ட் முழங்காலுக்கு மேல் ஏற மறுத்தது. ஐஸ் தண்ணீர் சொட்டும் ஜீன்ஸை மறுபடி மாட்ட உடம்பு கேட்கவில்லை. கடைக்குப் போய்ப் புதுசு வாங்கலாம் என்றாலும் எதையாவது கட்டிக்கொண்டுதானே கடைக்குப் போக வேண்டும்? காவி வேட்டியைக் கட்டி, காவித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கூட்டம் ரெண்டாகப் பிரிந்து வழி விட்டது. தண்ணீர்த் துப்பாக்கி வைத்திருந்த பொண்ணுங்க, தலைமையாசிரியர் வந்த மாதிரி அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். கை கூப்பி, தலை குனிந்து, ஒதுங்கி நின்றார்கள். பக்கத்தில் ராமதாசைத் தொப்பலாக நனைத்துக் கன்னம் ரெண்டிலும் மாவு பூசினார்கள். மூர்த்தி ஒரு பக்கெட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நாலடி தள்ளிப் போனார்கள். ஊரே நனைந்த அந்தத் தெருவில் அவர் ஒருத்தர்தான் காய்ந்த வேட்டியோடு நின்றார்.

முதலில் அழுகை வந்தது. அப்புறம் ரயிலில் ஏறினார். ஏறியதும் ஒரு பொண்ணு எழுந்து அவருக்கு இடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டியின் மறுகோடிக்குப் போனாள். கோயில் வாசலில் ஒரு கிழவி மண்டி போட்டுப் பழத் தட்டை அவர் முன்னால் தரையில் வைத்தார். மூர்த்தி பதறிப்போனார். "நோ சாமியார். கெஸ்ட் ஹவுஸ்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். கிழவி இன்னும் தாழக் கும்பிட்டார். இந்த உடம்பே ஒரு கெஸ்ட் ஹவுஸ்தான் என்று தத்துவம் சொல்கிறார் என எடுத்துக்கொண்டார் போல. தட்டு எனக்கில்லை என்று உள்ளே புத்தரைக் கை காட்டிவிட்டு நகர்ந்தார் மூர்த்தி. அந்தப் பணிவைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பேன்ட் வாங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மறுநாள் கடைகளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தார்.

ஊர் திரும்பியபோது அவர் நடையே மாறியிருந்தது.

"பாங்காக்ல என்னைப் பாத்து ஜனங்க ரெண்டாப் பிரிஞ்சாங்க" என்றார் டீக்கடையில். போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினார். மொட்டைத் தலை, காவி வேட்டி, பின்னால் ஏதோ கோயில். டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது கிரிவலப் பாதையில எந்த எடம்ணா?"

ராமதாசைச் சாட்சிக்குக் கூப்பிடவும் வழியில்லை. அவர் கன்னத்து மாவை அவர் மனைவி சரசு போட்டோவில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ராமதாசுக்கு வீடும் கடையும்தான் உலகம். "எதிர்வீட்டு மனுசனும் அதே ஊருக்குத்தானே போனாரு, அவரைப் பாத்துக் கத்துக்க" என்று சரசு தெருவுக்கே கேட்கும்படி கத்தியதில், மூர்த்தி பாங்காக் போனது ஊருக்கு உறுதியானது. மூர்த்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை முழுசாகக் கேட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் வேண்டுதலை முடிக்கக் கிரிவலம் கிளம்பினார். தனமும் கூட வந்தாள். மலை வலது பக்கம் வர, தனம் இடது பக்கம் வர, செருப்பில்லாமல் நடந்தார்கள். ஆதி அண்ணாமலை தாண்டியதும் மூர்த்தி ஆரம்பித்தார்.

"தனம், உனக்குச் சொன்னா புரியாது. நம்ம மூஞ்சியில ஒரு தேஜஸ் இருக்குது. இங்க இருக்கறவங்களுக்குத் தெரியலை. கடல் தாண்டிப் போனதும் கண்டுபிடிச்சிட்டாங்க. எனக்குக் கெடைச்ச மரியாதை இருக்கே..."

"தெரியும். எந்தப் பொம்பளையும் கிட்ட வந்திருக்க மாட்டா."

"ஆமா."

"சீட்டு குடுத்துட்டு அந்தாண்ட போயிருப்பா. ஏதாவது குடுத்தாலும் கையில குடுக்காம கீழ வச்சிருப்பா."

மூர்த்தி நின்றுவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நோயம்மா போன கார்த்திகைக்கே சொன்னாங்க. அங்க மொட்டை அடிச்சிக் காவி கட்டுனவங்க சாமியாருங்க. பொம்பளைங்க அவங்க மேல கை படாம ஒதுங்கிடுவாங்களாம். வருஷப் பொறப்பு அன்னிக்குத் தண்ணியும் ஊத்த மாட்டாங்களாம்."

"அப்ப அந்தப் பச்சை சட்டை..."

"பீரோவுல இருக்குது. ஜீன்ஸும்."

"பாஸ்போர்ட் வரணும்னு வேண்டிக்கிட்டதுன்னியே?"

"நான் எங்க சொன்னேன்? நீங்களா நெனைச்சிக்கிட்டீங்க. பாஸ்போர்ட் தானா வரும்னு எனக்குத் தெரியும். நீங்க போன மாதிரியே திரும்பி வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

தேஜஸ் முழுக்க அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மூர்த்திக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் வரவில்லை. ஒரு கடலையும் ஒரு ஊரையும் அடுப்படியில் உட்கார்ந்தபடியே கட்டி ஆண்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பெண்டாட்டி என்று இன்னொரு ஃப்ளெக்ஸ் வைக்கலாம் போலிருந்தது. அதில் தன் படத்தை எங்கே போடுவது என்பதுதான் தெரியவில்லை.

"இம்மாம் மூளையை வச்சிக்கிட்டு இட்லி ஊத்திக்கிட்டிருந்திருக்கியே" என்றார்.

"நானும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருக்கேன். அடுத்த சித்திரைக்கு நோயம்மா அவங்க வீட்லயே வந்து தங்கச் சொன்னாங்க."

"அப்ப நானு?"

தனம் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினாள்.

"நீங்களும் வாங்க. கூட நான் இருக்கறதால முடியை வளத்துக்கலாம்."