மாப்பிள்ளையின் கிட்டாரில் ஒரு ‘ம்ம்ம்’

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதியை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாததால் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளவும். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? கல்யாணத்தின்போது நீங்கள் அன்பளிப்பாகத் தந்த, சுவிட்சைப் போட்டால் முதுகைப் பிடித்துவிடுகிற நாற்காலியில் சாய்ந்தபடிதான் இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் இப்போது என் பேச்சைக் கேட்பது அது ஒன்றுதான். கையெழுத்து ஆடுவதற்கு அதுவே காரணம், கோபம் இல்லை. கோபமும் இருக்கிறது.

நீங்கள் பலமுறை அழைத்தும் நாங்கள் ஃபோனை எடுக்கவில்லை என்று வருந்தியிருப்பீர்கள். உங்கள் மகன் கிட்டார் பதிவு செய்யும் நேரங்களில் வீட்டில் உள்ள ஃபோன்களையெல்லாம் வாங்கி அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறார். அவர் எப்போதும் பதிவு செய்துகொண்டே இருக்கிறார். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். ஒரு மெத்தைக் கம்பெனியின் விளம்பரத்துக்கு மாப்பிள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு சின்ன மெட்டு வாசித்துத் தர வேண்டும். கேட்டதும் கண் சொக்க வேண்டுமாம். ஆனால் அவர் கையெடுக்கும் இடத்திலெல்லாம் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். அனுப்பிய இரண்டு தடவையும் “மெத்தைக்குள்ள வண்டு இருக்கிற மாதிரி இருக்கு” என்று திருப்பிவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமாகத் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். வேலையை விட்டுவிட்டு கிட்டாரே கதி என்று உட்கார்ந்த பிறகு அவருக்கு வந்த முதல் வாய்ப்பு இது என்று என் மகள் மூக்கைச் சிந்துகிறாள்.

அன்று பிடித்தது சனி. முதலில் ஃபிரிட்ஜை அணைத்தார், அணைத்ததை மறந்தார், மறுநாள் பாலைக் குடித்து நான்தான் கண்டுபிடித்தேன். பிறகு குழல்விளக்கு கரகரக்கிறது என்று அதையும் அணைத்ததால் இருட்டில் சவரம் செய்து ஒரு பக்க மீசையை இழந்தேன், போனது போகட்டும் என்று மறுபக்கத்தையும் எடுத்துவிட்டேன், அடுத்த முறை நீங்கள் பார்க்கும்போது யாரோ என்று நினைக்க வேண்டாம். ஃபேன் போனது, தண்ணீர் மோட்டார் போனது. பிறகு கிட்டாரைத் திறந்து, அதன் வயிற்றுக்குள் ஒட்டுவதற்காக சமையலறை அலுமினியத் தாள் முழுவதையும் எடுத்துக்கொண்டார். “உள்ள கவசம் போட்டா வெளிக் கரன்ட் இரைச்சல் அண்டாது மாமா” என்றார். இரைச்சலுக்கு அது தெரியவில்லை. அப்புறம் கிட்டாரோடு நாற்புறமும் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, எந்தத் திசையில் இரைச்சல் குறைச்சலோ அந்தத் திசையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தத் திசையில் இருப்பது கழிவறைக் கதவு. நான் உள்ளிருந்து வெளியே வரும்போதெல்லாம் உங்கள் மகன் என் முகத்தைப் பார்த்து உருக்கமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். இந்த வயதில் எனக்கு இந்த மரியாதை தேவையில்லை.

தப்பித்தது என் அறை மட்டும்தான். மாமாவின் அறைக்குள் கால் வைக்க அவருக்கு இன்னும் கூச்சம். நல்ல வளர்ப்பு, அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று சாப்பிடும்போது என்ன சொன்னார் தெரியுமா? “ஒண்ணு கவனிச்சீங்களா மாமா, நீங்க வாக்கிங் போயிருக்கிற நேரத்துல சத்தமே இருக்கிறதில்ல.” என் மகளும், “ஆமாப்பா, கொஞ்சம் தூரமா நடந்துட்டு வாங்களேன்” என்றாள். சொந்த வீட்டில் நான்தான் இரைச்சல் என்று ஆகிவிட்டது.

தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். லைனில் இரைச்சல் என்று யார் கூப்பிட்டாலும் “எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க வீட்டுல பாருங்க” என்று சொல்லியே ஊரை அமைதியாக வைத்திருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கோளாறு கிட்டாரில் இருக்கிறது, அல்லது உங்கள் மகனிடம் இருக்கிறது. ஆகவே தாங்கள் தயவுசெய்து இரண்டையும் சில காலம் உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் சின்ன மகளுக்கு ஆசிகள், அவள் எந்த வாத்தியமும் கற்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
வாக்கிங் போக வற்புறுத்தப்படும் தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு (சில நாட்கள் கழித்து): அன்று உறையை ஒட்டப் பசை தேடி எழுந்தபோது கால் ஒயரில் மாட்டி நாற்காலியின் பிளக் பிடுங்கிக்கொண்டது. பக்கத்து அறையில் ‘ம்ம்ம்’ நின்றது. திரும்பச் சொருகினேன், வந்தது. பிடுங்கினேன், நின்றது. அந்த அமைதியில் மாப்பிள்ளை மெட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தார். பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டேன். நன்றாக வாசிக்கிறார், சம்பந்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் என் மகள் ஓடி வந்து, “அப்பா, சத்தம் போயிடுச்சு, என்ன பண்ணீங்க?” என்றாள். பழக்கதோஷத்தில், “நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு. மாடி வீட்டுலதான் ஏதோ ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஃபோன் பண்ணி நிறுத்தச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டேன். என் ஃபோன் அரிசி டப்பாவுக்குள் இருந்தது அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. மெத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு மெட்டு பிடித்துவிட்டதாம், இன்னும் நான்கு கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை இப்போது வாசிக்க உட்காரும் முன் என் அறை வாசலில் நின்று, “மாடி வீட்டுக்குக் கொஞ்சம் சொல்லிடுறீங்களா மாமா?” என்று பவ்வியமாகக் கேட்கிறார். ஆகவே அவரை அழைத்துப்போக வர வேண்டாம். வந்தாலும் நாற்காலி எப்படி இருக்கிறது என்று அவர் எதிரில் விசாரிக்க வேண்டாம். மேலே உள்ளதையெல்லாம் கிழித்துவிட்டு நல்லவிதமாக வேறு கடிதம் எழுதத்தான் நினைத்தேன், ஆனால் பக்கத்து அறையில் வாசிப்பு நடக்கிறது, நாற்காலி ஓடாமல் அவ்வளவு நேரம் உட்கார என் முதுகு இடம் கொடுக்கவில்லை.