மூங்கிலுக்குள் முந்நூறு வருடம்

இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறேன். இதில் வரும் யாருமே தவறு செய்யவில்லை, அதுதான் காரணம். எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற எழுத்தர், அழுங்கு என்னும் எறும்புதின்னி. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஏரி ஒன்று இருந்த ஒரு காட்டில், சேற்று வளையில் ஒரு தாய் நண்டு வாழ்ந்தது. வயிற்றின் அடியில் இருநூறு முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. ஏரி வற்றப்போகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் ஆற்றுக்குப் போயாக வேண்டும். ஆனால் ஆற்றுப் பாதையில் கீரிகள் காவல். வழிச்சீட்டு இருந்தால் விட்டுவிடும். இல்லாவிட்டால் தின்றுவிடும். இரண்டும் சட்டப்படிதான்.

நண்டு வழிச்சீட்டு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றது. நான்காம் நாள் அதன் முறை வந்தது.

"ஏரி வத்தப்போகுதுங்கய்யா. ஆத்துக்குப் போகச் சீட்டு வேணும்."

அழுங்கு ஜன்னல் வழியாகப் பார்த்தார். "வாத்து நீந்திட்டிருக்கேம்மா. வத்தும்னு யார் சொன்னது?"

"சேறு சொல்லுதுங்க."

"சேறு நேர்ல வருமா?"

நண்டு நீர்நாயைக் கெஞ்சி, ஒரு நீள மூங்கிலை ஏரியின் அடியில் செருகவைத்துச் சேற்றோடு உருவிக்கொண்டு வந்தது. நெடுக்காகப் பிளந்து மேசைமேல் வைத்தது.

"கறுப்பா, இலை மக்கிக் கிடக்கறது நல்ல மழை வருசம்யா. தண்ணி குறைஞ்சா உப்பு ஏறி, சுண்ணாம்பு அடியில படியும். அதுதான் இந்த வெள்ளைக் கோடு. மூணு கோடு விழுந்தா அடுத்தது ஒரு விரக்கடைக்கு வெள்ளை. அப்ப ஏரியே இல்லை. முந்நூறு வருசத்துல அஞ்சு தடவை இப்படித்தான். மேலே பாருங்க, மூணாவது கோடு விழுந்துருச்சு."

"சேத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற இந்த நத்தை ஓடு எதுக்கு?"

"தண்ணியிலயே லேசு, கனம்னு ரெண்டு உண்டுங்க. வெயிலு லேசானதை முதல்ல குடிச்சிட்டுப் போயிரும். கனமானது மிஞ்சும். மிஞ்சினதுலதான் நத்தை ஓடு கட்டுது. அதுவும் இதையேதான் சொல்லுது."

அழுங்கு மேசையைப் பார்த்து முகம் சுளித்தார். "எல்லாம் சரிம்மா. மேசைக்கு வர்ற பொருள் சுத்தமா இருக்கணும்னு விதி. கழுவிக் கொண்டா."

"கழுவினா அதுல ஒண்ணும் இருக்காதுங்களேய்யா!"

"சுத்தமா இருக்கும்ல?"

கடைநிலை ஊழியர் உடும்பு மூங்கிலை வாங்கி, ஏரியிலேயே நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தது.

"வேற ஒண்ணு எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றது நண்டு.

"ஒரு மனுவுக்கு ஒரு மூங்கில்தாம்மா."

கோப்பில் எழுதப்பட்டது: 'மூங்கில் ஒன்று பெறப்பட்டது. உள்ளே ஏதுமில்லை. வறட்சிக்கு ஆதாரம் இல்லை. மனு தள்ளுபடி.'

மூங்கில் காய்வதற்குள் அழுங்கு மாற்றல் கேட்டு ஒரு மனு எழுதினார். அந்த வாரமே மனைவி மக்களோடு ஆற்றங்கரை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அலுவலர்களுக்குச் சீட்டு தேவையில்லை.

ஏரி வற்றியது. ஆய்வுக்குழு வந்து, காய்ந்த தரையில் படிந்திருந்த வெள்ளையை அளந்தது. சரியாக ஒரு விரற்கடை. தரை சுத்தமாகவும் இருந்தது. ஆதாரம் ஏற்கப்பட்டு, நண்டுக்கு உடனே சீட்டு வழங்கப்பட்டது.

உடும்பு அதை வளைக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. வாசலில் நண்டின் ஓடு கிடந்தது. அதன் அடியில் முட்டைகள் கடுகாகக் காய்ந்திருந்தன. சீட்டு இருநூற்றொரு பேருக்குச் செல்லும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

அழுங்கு எப்போதும் இப்படித்தான் முடிப்பார்:

நீதி: ஆதாரத்தை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். ஒன்றும் மிஞ்சாது, முடிவு விரைவில் கிடைக்கும்.

போன மாதம்தான் அவரிடம் கேட்டேன்: "ஐயா, அந்த நண்டு சொன்னதை அன்றைக்கே நம்பிய ஒரே ஆள் நீங்கள்தானா?"