தூசி அங்கிள் மூடி கழற்றாத மாலை

கிள்ளானில் அத்தனை பேரும் தலைக்கு மேலிருக்கும் புகைமூட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க் கிரகத்தின் தூசிக்காகக் கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஃபிளாட் தூசி அங்கிள்தான்.

அவருடைய தொழில், காப்புறுதி விற்பது. விற்றதாகத் தகவல் இல்லை. பாலிசி பேச உட்கார்ந்தால், "அங்க காத்து ரொம்ப மெல்லிசுலா. ஆனா புழுதி கிளம்புச்சுன்னா மொத்தத்தையும் மூடிடும்" என்று தொடங்குவார். எதிரில் இருப்பவர் தேநீரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்.

மாலையானால் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நிற்பார். காய்ச்சல் வந்தாலும் தவறமாட்டார். கிரகத்தில் நேற்றுத் தெரிந்த கரும்பட்டை இன்று மங்கியிருந்தால் அங்கே புழுதிப்புயலாம். கண்டதை வரைந்து வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்புவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். கீழே சோறு வறுக்கும் நாசி கோரெங் கடைப் புகையில் கிரகம் ஆட்டம் போடும்.

"அண்ணே, அஞ்சு நிமிசம் அடுப்ப அணைங்க."

"செவ்வாயில யாரும் ஆர்டர் பண்ணல அங்கிள். இங்க பண்ணிருக்காங்க."

அக்காவின் கல்யாணம் கூடிவந்த நேரம். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, அக்காவின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று எழுந்துவிட்டார். அக்கா அடுப்படியில் அழுதாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் இயற்பியல். கிரகத்தின் தூரத்தை விளக்கினேன். "படிச்ச திமிரு" என்றார் அந்த அம்மா.

செவ்வாய் என்ற சொல் காதில் விழுந்ததும் தூசி அங்கிள் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார். ஜாதகம் என்றாலே சண்டை பிடிப்பவர். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அங்கிளோ, "வாங்க ஆன்டி, ஆளையே நேர்ல பாத்துட்டுப் பேசலாம்" என்று மேலே அழைத்துப் போனார்.

அந்த அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "என்னங்க, மஞ்சளா ஒரு பொட்டு. மூஞ்சியே தெரியல."

"புழுதி மூடியிருக்கு. அதுவே கண்ணு தெரியாம கெடக்கு, உங்க பையன எங்க பாக்கப் போவுது?"

அங்கிள் கிண்டலாகத்தான் சொன்னார். அந்த அம்மா யோசித்தார். "அப்ப புழுதி அடங்கறதுக்குள்ள தாலி கட்டிடலாமா?"

இந்த மாதமே என்று முடிவானது. ஒரே நிபந்தனை: தினமும் அங்கிள் பார்த்து அந்த அம்மாவுக்கு வாட்சப்பில் சொல்ல வேண்டும். "மூடியிருக்கு ஆன்டி." "இன்னும் மூடியிருக்கு ஆன்டி." கல்யாணம் நெருங்க நெருங்கப் புழுதி மெலிந்தது. "இன்னிக்கு லேசா கலையுது ஆன்டி" என்று அனுப்பியபோது அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. கரும்பட்டை மட்டும் தெரிந்துவிட்டால் அக்காவின் கல்யாணம் நின்றுபோகும்.

கல்யாணத்துக்கு முந்திய மாலை. மழை கழுவிவிட்ட வானம், நாசி கோரெங் கடைக்கும் விடுமுறை. மேலே ஓடினேன். தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமல், அதற்கு முதுகு காட்டி அங்கிள் உட்கார்ந்திருந்தார்.

"பாக்கலையா அங்கிள்?"

"பாத்தா சொல்லணும்லா" என்றார்.