கழிவுத் தொட்டிக்குச் சீனி

"அண்ணே, நைட்ரேட்டு இன்னும் எறங்கல," என்று வெண்டி பரிசோதனைக் குழாயை ஆட்டிக் காட்டினாள். கையுறைத் தொழிற்சாலையின் கழிவுநீரைத் தினமும் சோதிப்பவள் அவள்தான்.

லூர்துசாமி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழிவுத் தொட்டிக்குப் பொறுப்பாளராகிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. வெள்ளிக்கிழமை சோதனைக்கான தண்ணீர் ஈப்போ ஆய்வகத்துக்குப் போகும். அதில் தேறாவிட்டால் பழையபடி பேக்கிங் பிரிவு, அதுவும் மச்சினன் மார்கஸுக்குக் கீழே. அதற்குத் தொட்டியிலேயே குதித்துவிடலாம்.

"மூடியே கெடந்தா, நைட்ரேட்டக் கரைக்கிற கிருமிங்க எப்படி மூச்சு விடும்? பாவம்லா," என்று இரக்கப்பட்டு, மூடியைத் திறந்து காற்றுக் குழாயைச் செருகினார். மறுநாள் நைட்ரேட் ஏறியிருந்தது.

வெண்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, காத்து இல்லாட்டிதான் அதுங்க நைட்ரேட்டுல உள்ள ஆக்சிஜன எடுத்து மூச்சு விடும். மிச்சம் வாயுவா மாறிப் பறந்துரும். நீங்க சும்மா காத்து குடுத்தா, அதுங்க ஏன் நைட்ரேட்டத் தொடப்போவுது? மூடிட்டு, கொஞ்சம் சீனி போடுங்க. திங்க ஏதாச்சும் வேணும்ல?"

கொஞ்சம் என்பது லூர்துசாமிக்குத் தெரியாத அளவு. விருந்தாளிக்கு அளந்தா போடுவார்கள்? கேண்டீன் சீனி மூட்டை முழுவதும் தொட்டிக்குள் போனது. இனிப்பில்லாத தேநீரைக் குடித்தவர்கள் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தொட்டியோ நுரைத்துப் பொங்கி, குனோங் ராபாட் ஊர் வரை நாறியது. நுரையை அடக்க நீளக் கம்பால் கிண்டினார். கிண்டக் கிண்டக் காற்று உள்ளே போனது. வெள்ளிக்கிழமை வெண்டி சோதித்தபோது நைட்ரேட் உச்சத்தில் நின்றது.

"முடிஞ்சுச்சு நம்ம கதை," என்றார். போத்தலை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து மோட்டார் சைக்கிளில் ஆய்வகத்துக்கு எடுத்துப்போகும் உடையப்பனிடம் கொடுத்தார். ஞாயிறன்று தேவாலயத்தில் மார்கஸின் கண்ணில் படாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் ஆய்வக முடிவு வந்தது. தண்ணீரில் நைட்ரேட் அறவே இல்லை!

முதலாளி நேரில் வந்து கைகுலுக்கினார். பேக்கிங் பிரிவே கைதட்டியது. மார்கஸும் வேறு வழியில்லாமல் தட்டினான்.

"எப்படி மச்சான் செஞ்சீங்க?"

"நம்ம புள்ளைங்க மாதிரி பாத்துக்கணும்லா," என்றார் லூர்துசாமி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை புதுப் போத்தலை வாங்க வந்த உடையப்பன், அவர் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, போன வாரம் போத்தல ஐஸ் பெட்டியில வைக்க மறந்து, அப்படியே லூமுட்டுக்கு மீன் புடிக்கப் போயிட்டேன், திங்கக்கெழம வரைக்கும் மோட்டார் பெட்டியில வெயில்ல கெடந்து, லேப்புல மூடியத் தெறந்தா சோடா மாதிரி புஸ்ஸுன்னுச்சு... இந்த வாரமும் லூமுட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?"