உப்புக்குப் பயந்த மாமனார்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் உங்கள் அத்தை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தீர்களே, அதுதான் விஷயம். "பாக்கப் பால் மாதிரி இருக்கும் மாமா. கண்ணுக்குத் தெரியாத மணல் பொடி, அடியில தங்காம தண்ணியில மிதக்குது. பாலும் இதே வகைதான், ரெண்டுமே கூழ்மம். கண்ணாடியில பூசிக் காயவிட்டா மழைத்தண்ணி ஒட்டாது. உப்பு மட்டும் பட்டுடக் கூடாது, தயிர் மாதிரி உறைஞ்சிடும்" என்றீர்கள். நானும் பத்திரமாக ஃபிரிட்ஜில் வைத்தேன், பால் பாட்டிலுக்குப் பக்கத்தில்.

முந்தாநாள் அதை எடுத்துக் கூடத்து ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பூசினேன். மறுநாள் பார்த்தால் கண்ணாடி மங்கி, புளித்த வாடையோடு எறும்பு சாரைசாரையாகப் போகிறது. பூசியது பால் என்றால் நான் டீயில் குடித்தது எது? இன்னொரு டம்ளர் கேட்டு வேறு வாங்கிக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து குளித்தால் தண்ணீர் உடம்பில் நிற்காமல் வழிந்து ஓடுகிறது. உள்ளே போனது கூழ்மம் என்றால் உப்பு ஆகாதே என்று, "எனக்கு இனிமே உப்பில்லாமச் சமைச்சுடு" என்றேன். "எந்த டாக்டர் சொன்னாரு?" என்று உங்கள் அத்தை கேட்டாள், நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பயத்தில் வியர்க்கிறது, அது உதட்டில் இறங்கினால் உப்பு. அழலாம் என்றால் கண்ணீரும் உப்பு. வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் மாப்பிள்ளை. நிஜமாகவே பயமாக இருக்கிறது. நான் உறைந்துபோனால் உங்கள் அத்தைக்கு ஜாடி மூடி திறந்து கொடுக்கக்கூட ஆள் இல்லை.

இருவரும் நீண்ட காலம் வாழ என் ஆசிகள். ஆசி சொல்லும் நிலையில் எத்தனை நாள் இருப்பேன் என்று உடனே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
இன்னும் உறையாத மாமனார்

பின்குறிப்பு: இவ்வளவையும் உங்கள் அத்தை பின்னால் நின்று படித்துவிட்டாள். "உப்பில்லாமச் சாப்பிடறதா நெனச்சீங்களா? வழக்கம்போலதான் போட்டேன்" என்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான், "மாப்பிள்ளை குடுத்த பாட்டிலை அவரு கிளம்பின அன்னைக்கே எடுத்துப் பூட்டி வெச்சுட்டு, அந்த எடத்துல இன்னொரு பால் பாட்டிலை வெச்சேன். ஃபிரிட்ஜில இருந்த ரெண்டுமே பால்" என்றாள். இப்போது ஜன்னலை நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ந்த பால் வருவேனா என்கிறது. எதுவும் ஒட்டாத அந்தப் பூச்சை அடுத்த தடவை உங்கள் அத்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள்.